பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்த பதினொரு பெயர்கள்

ஜேர்மனியின் ஹனோவரில் அந்த ஞாயிறு காலை வெட்டிய புல்லின் ஈர வாசனை சப்பாத்துக்குள்ளும் ஏறியிருந்தது. வந்திருந்தவர்கள் தலைவர் ஜெயம் அண்ணை, கோல் காப்பாளர் ரஞ்சன் அண்ணை, இன்னும் எட்டுப் பேர், பிறகு நான். வராதவர்கள் குணா அண்ணையும் பீற்றர் அண்ணையும். இருவருக்கும் ‘உர்லாப்’ கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் அணி அது. அகதி மனு முடியாதவர்கள் தங்களைப் பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அலுவலகத்தில் வாங்க வேண்டிய துண்டைத்தான் ‘உர்லாப்’ என்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கோடை முழுக்க எங்கள் அணியைத் தெரிவு செய்தது அலுவலக மேசைதான். ஆள் குறைந்ததால், அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்காத, பதினைந்து வயதான என்னை வலது பின்வரிசையில் நிறுத்தினார்கள். ஜேர்மன் தெரிந்தவன், நடுவரோடு சண்டை பிடிக்க உதவுவான் என்று ஜெயம் அண்ணை பகிடி விட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அப்பா கைநாட்டு. எழுத்து வேலை வந்தால் ஒளியாமல் முன்னுக்கு நிற்க வேண்டும் என்பார்.

அன்று கடைசி ஆட்டம். பந்து விளையாடுவது முக்கிய காரணம் இல்லை என்று ரஞ்சன் அண்ணையையும் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முன்பொரு முறை துண்டில்லாமல் ரயிலில் பிடிபட்டுத் தண்டம் கட்டியவர், இருந்தும் ஏறி வந்துவிட்டார். துண்டு கிடைத்ததா என்று ஜெயம் அண்ணை கேட்க, கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே சொன்னார்:

“நான் கோல் வாசலை விட்டு எங்கை அசையப் போறன் அண்ணை? எல்லை தாண்டி ஓடுறது நீங்கள்தானே.”

எல்லோரும் சிரித்தோம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். கடைசி நிமிடத்துத் தண்ட உதையை அவர்தான் பாய்ந்து பிடித்தார். வீடு வீடாக இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துவிட்டு, பெயர்களை எழுதித் தரும்படி தாளை என்னிடம் நீட்டினார்.

“முழுப் பேரையும் போடு தம்பி,” என்றார் ரஞ்சன் அண்ணை. “மனிசிக்கு அனுப்ப வேணும்.”

கொழும்பில் ஒரு வாடகை அறையில், மூன்று வயது மகளோடு, இவருக்கு விசா கிடைத்தால் வந்து சேரலாம் என்று காத்திருந்தவர் அவர் மனைவி. இடமிருந்து வலமாகப் பதினொரு பெயரையும் எழுதினேன். எவ்வளவு தூரத்திலிருந்து வந்து வென்றோம் என்று தெரியட்டும் என்று, யாரும் கேட்காமலே, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் இருக்கும் ஊரையும் எழுதினேன். எல்லோரும் என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு கிழமை கழித்து ரஞ்சன் அண்ணை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை என்னிடம் வாசிக்கக் கொண்டுவந்தார். அதோடு அந்தப் பத்திரிகைப் படத்தின் பிரதியும் இருந்தது. அவர் பெயருக்கும் ஊருக்கும் கீழே சிவப்புக் கோடு. இது இரண்டாவது தடவை, ஆகவே வழக்கு என்று தமிழில் சொன்னேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

நீதிமன்றத்துக்கு நானும் போனேன். நீதிபதி படத்தைக் காட்டி இது நீங்களா என்று கேட்டார். “ஓம், நான்தான்,” என்றார். வெளியே படியில் நின்று சிகரெட் பற்றவைத்துவிட்டு என்னிடம், “வடிவாத்தான் எழுதியிருக்கிறாய் தம்பி. ஒரு பிழையும் இல்லை,” என்றார். கோபமாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அப்போது எனக்குப் பசித்தது. வேறொன்றும் தோன்றியதாக நினைவில்லை.

சில வருடங்களில், நெடுங்காலம் இருந்தவர்களுக்கு விசா கொடுக்கும் விதி ஒன்று வந்தது. ஜெயம் அண்ணைக்குக் கிடைத்தது, குணா அண்ணைக்கும் பீற்றர் அண்ணைக்கும் கிடைத்தது. தண்டனை பெற்றவர்கள் அதில் சேர்த்தியில்லை.

இப்போது அந்த அணி இல்லை. அந்தப் பத்திரிகையும் நின்றுவிட்டது, மார்க் காசும் போய்விட்டது. போன மாதம், ஒருவழியாக விசா கிடைத்து மனைவியைக் கூப்பிட, விமான நிலையத்துக்கு ரஞ்சன் அண்ணையை நான்தான் காரில் கூட்டிப்போனேன். மனைவியை அடையாளம் கண்டுவிட்டார். பக்கத்தில் நின்ற உயரமான பிள்ளையை யார் என்று என்னிடம் கேட்டார். தீர்ப்பில் எழுதியிருந்த தொகை அறுநூறு மார்க். அதை அணியே சேர்த்துக் கட்டியது. மிச்சத்தை அவரும் மனைவியும் மகளும்தான் கட்டினார்கள்: ஒன்பது வருடமும் நாலு மாதமும்.