வேனை நிறுத்தியவன் நான்

லுக்குட் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தும் சங்கத்தில் நான் செயலாளர். ‘நன்கொடையில் ஒரு காசுகூட நிர்வாகத்துக்குப் போகாது’ என்று மேடையில் முழங்கிய வேகத்தில், பிள்ளைகளை ஏற்றிவரும் வேனையும் நிர்வாகச் செலவென்று நிறுத்திவிட்டேன். பெற்றோர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார்கள் என்ற நினைப்பு. டியூஷன் நடக்கும் சனிக்கிழமை காலை அவர்களுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் என்பது மறந்தே போனது.

புதுப் புத்தகம், சுடச்சுட நாசி லெமாக் சோறு, ஆசிரியை எல்லாம் தயார். பிள்ளைகள்தான் இல்லை. தேர்வுக்கு இரண்டே வாரம். வேன் ஓட்டிய செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன்.

“நான்தான் வீண் செலவாச்சே சார்! இப்ப நாற்காலிக்கா பாடம் நடத்துறீங்க?” என்று சிரித்தார். “இருங்க லா, ஏத்திக்கிட்டு வரேன்.”

ஒரு மணி நேரத்தில் செம்பனை வரிசைகளுக்கிடையே ஹாரன். கதவு திறந்ததும் அடைமழையாய்ப் பிள்ளைகள்! அந்தக் கூச்சலில் நானும் கத்தினேன்.

இப்போதெல்லாம் நன்கொடை கேட்கும்போது, அக்காவின் சம்பளத்தையும் வேன் பெட்ரோலையும்தான் முதலில் சொல்கிறேன்.