பீரோவில் இருந்த மாத்திரை

எங்கள் ஊரில் முதலில் பட்டம் பெற்றவன் நான். திருச்சுழி வட்டாரத்தில் பெண் கொடுப்பவர்களும் எடுப்பவர்களும் குடும்பம் எப்படி என்று என்னிடம் விசாரித்த பின்னரே தட்டு மாற்றினார்கள்.

மூத்த மகளின் ஐந்து வயது மகனுக்குத் தசைச்சிதைவு நோய் என்று மதுரையில் உறுதியாயிற்று. டாக்டர் அவனைத் தரையிலிருந்து எழச் சொன்னார். தொடைகளில் கை ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் எழுந்தான்.

"பாக்கித் தடுப்பூசிகளை முடித்துவிட்டு உடனே ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்குங்கள். நடை தளர்வதற்கு முன் கொடுக்க வேண்டும்" என்றார். தாய்வழியில் ஆண் பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோய். தாயின் தங்கைக்கும் பரிசோதனை தேவை என்றார்.

அந்தத் தங்கை என் இளைய மகள். அருப்புக்கோட்டை மாப்பிள்ளை வீட்டார் அவளுக்குப் பரிசம் போட மூன்று மாதம் இருந்தது. மாத்திரைகளை வாங்கி வந்து பீரோவில் பூட்டினேன்.

"ஐயா, ஊசியெல்லாம் போட்டாச்சு. சாவியக் குடுங்க" என்றாள் மூத்தவள்.

"இதச் சாப்பிட்டா முகம் உப்பும்னு டாக்டரு சொன்னாருல்ல. சம்பந்தி வீட்டுக்காரவுக என்னன்னு கேட்டா? பரிசம் முடியட்டும்மா."

"அவன் காலு அதுவரைக்கும் காத்துக்கெடக்குமாய்யா?"

சாவியை மடியில் செருகிக்கொண்டு வெளியே போனேன்.

அதன்பின் காலைதோறும் அவன் பாயிலிருந்து எழுவதை மனத்துக்குள் எண்ணினேன். ஐந்து எண்ணுவதற்குள் எழுந்தவனுக்கு எட்டு ஆயிற்று, பிறகு பத்து. யாரிடமும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் ஒருநாள், "என்னங்கய்யா, பேரன் தொடையப் புடிச்சுப் படியேறுறாரு. உங்க மூட்டுவலிய அவருக்கு எழுதிக் குடுத்துட்டீகளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பரிசத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பள்ளிப் படிக்கட்டில் அவன் விழுந்தான். தூக்கி நிறுத்தியும் கால் நிற்கவில்லை. அன்றே பீரோவைத் திறந்து சாவியை மூத்தவளிடம் கொடுத்தேன். மறுநாள் சம்பந்தி வீட்டுக்கு நானே சென்று நோயைச் சொன்னேன். இளையவளின் பரிசோதனை முடிவு வரட்டும் என்று பரிசத்தைத் தள்ளி வைத்தார்கள்.

இப்போது அவன் முகம் உப்பியிருக்கிறது. சுவரைப் பிடித்து நடக்கிறான். தாமதத்தால் எவ்வளவு இழந்தான் என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

மாத்திரைதான் அவன் காலைக் கெடுத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. அவன் விழுந்த நாள்வரை ஒரு மாத்திரைகூட உட்கொள்ளவில்லை. அவற்றைப் பூட்டி வைத்திருந்தவன் நான்.