அரைப்பேர்

மூன்று வருடங்களுக்கு முன்னால், பதுளையில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, புதுச் சேலை கசங்கக் கூடாதே என்று வழி முழுக்க நின்றுகொண்டே வந்திருந்தேன். கல்வி முதுமாணிப் பட்டத்துக்கு நான் எழுதிய ஆய்வேட்டை வைத்துக்கொண்டு மூன்று பேர் என்னைக் கேள்வி கேட்கப் போகிறார்கள். பயமா? எனக்கா? சத்தியமாக இல்லை. கூடப் படித்தவர்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். நான் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. நான் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கம்ப்யூட்டர் விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி உசாத்துணைப் பட்டியல்தான். யார் எழுதியது, எந்த வருடம், எந்தச் சஞ்சிகை என்று கடைசிப் பக்கங்களில் ஒரு முற்றுப்புள்ளி பிசகாமல் எழுத வேண்டும். அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. இணையத்தில் கட்டுரையைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எல்லா விவரமும் தானாக வந்து பெட்டிக்குள் விழும். எழுதும்போது இன்னொரு அழுத்து. மேற்கோளும் பட்டியலும் தயார்.

எங்கள் வகுப்பில் இதை முதலில் பிடித்தவள் நான்தான். மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். 'மெஷின் டீச்சர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அப்போது பதுளை டவுனிலிருந்து வரும் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் மட்டும் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"டீச்சர், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம் கேக்குதே. எங்கட ஆக்களுக்கும் ஒங்கட ஆக்களுக்கும் அப்பிடி ஒண்டு இல்லியே?"

"கடைசியா என்ன பேரு இருக்கோ அதப் போடுங்க சேர். மிச்சத்த அது பாத்துக்கும்."

எவ்வளவு திமிராகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

என் ஆய்வு, தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் படிப்பை இடையில் விடுகிறார்கள் என்பதைப் பற்றியது. பாடசாலை, பெற்றோர் கூட்டத்தைக் காலையில் வைக்கிறது. பெற்றோர் அந்த நேரம் கொழுந்து பறிக்க மலையில் நிற்கிறார்கள். வரவில்லை என்றதும் 'அக்கறையில்லாதவர்கள்' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வேலை முடிந்த பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்துபோய் நான் அம்மாமார்களிடம் பேசினேன். ஒரு அம்மா முகத்துக்கு நேரே கேட்டார்: "எட்டு மணிக்குக் கூட்டம்னா எனக்கு அரைப்பேருதான் போடுவாங்க டீச்சர். மிச்சத்த யாரு குடுப்பா?" தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் பதிவதைத்தான் 'பேர்' என்பார்கள். பிந்திப் போனால், குறையப் பறித்தால், அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

இதே முடிவை எனக்கு முன்னால் இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவரை முத்தையா என்றும் இன்னொருவரை ராமசாமி என்றும் இங்கே மாற்றிச் சொல்கிறேன். இரண்டு பேர், இரண்டு காலம், ஒரே முடிவு! எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் அந்த இருவர் தோளிலேயே ஏற்றி வைத்தேன். 'தனித்தனியாக ஆராய்ந்த இவ்விருவரும்' என்று ஒரு பத்தியே எழுதினேன். ஆனால் முத்தையாவின் கட்டுரையைத்தான் முழுதாக வாசித்திருந்தேன். ராமசாமியுடையதில் சுருக்கம் மட்டும்தான் இணையத்தில் கிடைத்தது. முழுக் கட்டுரையைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம். போடவில்லை.

இவ்வளவுக்கும் எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை காலநீடிப்புத் தந்திருந்தார்கள். இனி நீடிப்பு கிடையாது என்று கடிதமும் வந்திருந்தது. அன்றைக்கு விழுந்தால் மூன்று வருடச் சனி ஞாயிறுகள் அப்படியே மண்.

அறைக்குள் என் மேற்பார்வையாளர், நாங்கள் படித்த கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஒருவர், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் என மூன்று பேர் இருந்தார்கள். பரீட்சகர் ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பேச்சைக் கேட்டதுமே நம்ம மலைநாட்டு ஆள் என்று தெரிந்துவிட்டது. அரைமணி நேரம் கேள்விகள் நன்றாகத்தான் போயின. பிறகு அவர் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தார்.

"டீச்சர், முத்தையா, ராமசாமின்னு ரெண்டு பேரச் சொல்லியிருக்கீங்க. யாருங்க அவங்க?"

"ரெண்டு பேருமே இந்தத் துறையில முக்கியமான சேர்மாருங்க, மேடம்." என் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. அதனாலதான் அந்த முடிவு பலமா நிக்குது."

"பாக்காமலயா? எங்க கல்யாணத்துல பாத்துக்கிட்டாங்களேங்க!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேற்பார்வையாளருக்கு விளங்கிவிட்டது போல. அவர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"முத்தையா எங்கப்பா. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினவரு, கையெழுத்துப் போடத் தெரியாது. ராமசாமி எங்க வீட்டுக்காரரு. பெரகல சந்தியில மரக்கறிக் கடை வச்சிருக்காரு. ஆய்வு பத்திக் கேட்டா முழிப்பாரு, கரட் வெல கேட்டா டக்குனு சொல்லுவாரு. அந்த ரெண்டையும் எழுதினது நாந்தாங்க."

கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கட்டுரையில் தன் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு எழுதியதில் கணவரின் பெயர். கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று மென்பொருள் நினைத்தது. அந்த இரண்டு ஆண்களையும் முன்னால் தூக்கிவைத்து, எழுதியவரின் சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாக்கிப் பின்னால் தள்ளிவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துத்தான் நின்றது. நான் வாசித்த கட்டுரையின் முதல் பக்கத்தில் முழுப் பெயர் இருந்தும் பார்க்கவில்லை; அந்த எழுத்தையாவது கவனித்திருக்கலாம். கண் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

"எங்கப்பா பிந்திப் போனாக்கூட அரைப்பேரு போடுவாங்க டீச்சர்," என்றார் அவர். "நீங்க எனக்கு ஒரு எழுத்துத்தான் போட்டிருக்கீங்க."

மற்ற இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டு கட்டுரையையும் முழுசா வாசிச்சீங்களா?" என்று கேட்டார்.

'வாசித்தேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று தோன்றியது. ஆனால் ஏற்கெனவே அவர் பெயரைத் தின்றாயிற்று, அவர் முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"முதலாவத முழுசா வாசிச்சேன், மேடம். ரெண்டாவதுல சுருக்கம் மட்டுந்தான்."

"நெனச்சேன். 'எனது முந்தைய ஆய்வின் தொடர்ச்சி'ன்னு முழுக் கட்டுரையோட மொத வரியிலயே எழுதியிருக்கேன்," என்றார். "ரெண்டு பேரு ஒருத்தராயிட்டாங்க. இப்ப உங்க முடிவுக்கு ரெண்டாவது சாட்சி எங்க டீச்சர்?"

முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அந்த லயத்து அம்மா, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டது ஞாபகம் வந்தது. என் பழைய குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

"நாலாம் அத்தியாயத்துல இருக்குங்க, மேடம். நான் பேசின அம்மாமாருதான் சாட்சி. அந்தப் பத்தி விழுந்தாலும் அவங்க சொன்னது விழாது."

அடுத்த கால் மணி நேரம் அவர் நாலாம் அத்தியாயத்தை மட்டும்தான் கேட்டார். எந்த லயம், எத்தனை மணிக்குப் போனீர்கள், கங்காணி பக்கத்தில் நின்றாரா, அம்மாமார் தயங்காமல் பேசினார்களா என்று விடாமல் குடைந்தார். ஒன்றுக்கும் நான் முழிக்கவில்லை. அது என் சொந்த உழைப்பு, எந்தப் பொத்தானும் கொண்டுவந்து போட்டதல்ல. கடைசியில் முடிவைச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தி, பட்டியல் முழுவதையும் சரிபார்த்துக் கொடுத்தால் சித்தி, பட்டம் கிடைக்கும். வெளியே வந்து மரத்தடி வாங்கில் உட்கார்ந்து அழுதேன். டவுன் ஆசிரியர் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "என்ன டீச்சர், மெஷின் பழுதா?" என்றார். அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சும்மா விட்டாரா? இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அந்த மாதம் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரையும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகம் வந்த இடத்தில் எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டு, 'உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும்?' என்று கேட்டேன். பெரும்பாலானோர் பதில் போட்டார்கள். ஒருவருக்கு ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகியிருந்தது. இன்னொருவருக்கு வெறும் முதலெழுத்துத்தான் மிஞ்சியிருந்தது. மென்பொருளில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் முழுதாக வைக்கும் வசதியும் இருந்தது. இத்தனை காலம் அது என் கண்ணெதிரேயே இருந்திருக்கிறது. நான்தான் தேடவில்லை. மென்பொருளை இன்றைக்கும் நான் விடவில்லை, இன்னும் நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் முதல் பாடம் இப்போது பொத்தான் அல்ல, பெயர்.

திருத்திய ஆய்வேட்டை, கட்டிய அட்டையோடு அவர் கையில் கொடுத்த நாளை மறக்கவே முடியாது. அவர் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். இரண்டு கட்டுரைகளும் அடுத்தடுத்த வரிகளில், அவருடைய சொந்தப் பெயரில் தொடங்கி நின்றன. அவரை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுத முடியவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விரல் அந்த இடத்தில் நின்றது. பிறகு நிமிர்ந்து, "இப்ப முழுப்பேரு போட்டுட்டீங்க டீச்சர்," என்றார்.

எத்தனையோ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், ஆனால் என் வேலைக்கு விழுந்த முழுப்பேராக நான் இன்றும் நினைப்பது அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான்.