இருபத்தொரு கிலோ தார்

‘கிலோ’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெரியவர் கையுறை மாட்டிக்கொண்டு, சீட்டெல்லாம் கழற்றிய காரின் தரையில் டிரை ஐஸ் துண்டுகளைப் பரப்பினார். தகரத்தோடு ஒட்டிக் கிடந்த தார்ப் பட்டைகள் குளிரில் விறைத்ததும் சுத்தியலால் தட்டினார். ஓடு மாதிரி நொறுங்கின. சத்தத்தை அமுக்கத்தான் அந்தப் பட்டைகள். வருடம் ஒருமுறை அவர் ஓட்டும் மலைப்பாதைக் கார்ப் பந்தயத்தில் அவை வெறும் சுமை. அள்ளி மூட்டை கட்டித் தராசில் வைத்தார். இருபத்தொரு கிலோ. சொல்ல வீட்டில் ஆளில்லை. சாக்கட்டியால் சுவரில் எழுதிவைத்தார்.

லேத் பட்டறையில் முப்பது வருடம் உழைத்தவர். எதைப் பார்த்தாலும் எடை சொல்வார். ‘கிலோ’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகன் கப்பலில். பந்தயக்காரர்களோடு பேச்சு வருடத்துக்கு ஒரு நாள். மற்றபடி அவர் வாய் திறப்பது திங்கள், புதன், வெள்ளி மட்டும். அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக நாற்பது நிமிடம், கூட்டிவர நாற்பது நிமிடம்.

சீட்டுகளை மாட்டி, திங்களன்று அக்காவை ஏற்றினார். பெரிய சாலைக்கு வந்ததும் கார் அலறியது.

“என்னடா இது, தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி?”

“என்னக்கா?”

“சத்தம்டா, சத்தம்!”

“இருபத்தொரு கிலோ குறைச்சிருக்கேன்க்கா!”

“நான் எழுபது கிலோ. முதல்ல என்னை இறக்கி விடு!”

இருவரும் சிரித்தார்கள். அதற்குமேல் கத்த அவளுக்குத் தெம்பில்லை. டயாலிசிஸ் முடிந்தவர்களுக்குத் தலை பாறாங்கல்லாய்க் கனக்கும், சத்தம் ஆகாது. திரும்பும்போது அக்கா காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியே வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள்.

“தம்பி, நாளையிலேருந்து ஆஸ்பத்திரி வேன்ல போயிக்கறேன். உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

“அலைச்சல்னு நான் சொன்னேனா?”

“கோவிச்சுக்காதடா. எனக்குத் தாங்கலை.”

போனை வைத்துவிட்டு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். நொறுங்கிய தார் திரும்ப ஒட்டாது. கடைக்காரரைக் கேட்டார், புதுப் பட்டை வரப் பத்து நாள் ஆகுமாம். அதற்குள் அக்காவுக்கு வேன் பழகிவிடும். பழகிவிட்டால் பழகியதுதான்.

புதன் காலை ஆறு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வேன் வந்தது.

“நீங்க யாரு?” என்றார் டிரைவர்.

“கூடப் பிறந்தவன். துணைக்கு.”

“ஒருத்தர் வரலாம். பின் சீட்டு, தூக்கிப் போடும்.”

அக்கா முறைத்தாள். “அப்புறம் கார் எதுக்குடா வச்சிருக்க?”

“பந்தயத்துக்கு,” என்று ஏறி உட்கார்ந்து, அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டார்.