ஆண் என்று நினைத்திருந்த இகுவானா

என் வீட்டு அறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்த சென்னை மாணவனுக்கு வன்கூவரில் வேலை கிடைத்தது. போகும்போது தன் இகுவானா என்ற பெரிய பச்சைப் பல்லியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

“ரெண்டே வாரம் ஆன்ட்டி. வீடு பார்த்ததும் வந்து எடுத்துக்கிறேன். கீரை போட்டா போதும்.”

“ஓம் தம்பி, அதுக்கென்ன,” என்றேன்.

இரண்டு வாரம் எட்டு மாதமாயிற்று. கணவர் இறந்தபின் தனியாக இருந்த எனக்கு, எங்கள் அஜின்கோர்ட் பகுதித் தமிழ்க்கடையில் இரண்டு கட்டு முருங்கையிலை வாங்க ஒரு காரணம் கிடைத்தது. இகுவானாவை ஆண் என்றே நினைத்திருந்தேன். அவன் உச்சந்தலையில் ஒரு வெளிறிய செதில் இருக்கும். அது மூன்றாவது கண் என்று படித்தேன். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியுமாம். மேலிருந்து கை நீட்டினால் பருந்தென்று பதறுவான். பக்கவாட்டில் போனால் பேசாமல் இருப்பான். அப்படித்தான் போகப் பழகினேன்.

மாசி மாதம் அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். நாள் முழுக்கக் கூண்டின் மூலையைச் சுரண்டினான். வன்கூவருக்குப் போன் எடுத்தேன்.

“குளிரா இருக்கும் ஆன்ட்டி, லைட்டைக் கிட்ட வைங்க. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்.”

கூப்பிடவில்லை. சுரண்டும் சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டு எல் சல்வடோர் நாட்டுப் பெண். என் வயதுதான் இருக்கும். எங்கள் இருவரின் ஆங்கிலமும் அரைகுறை. அவர் குனிந்து அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

“இது ஆண் இல்லை. வயிறு நிறைய முட்டை. மண் தேடுகிறாள்.”

“துணையே இல்லையே?”

“துணை இல்லாமலும் முட்டை வரும். இட முடியாவிட்டால் செத்துப்போவாள்.”

வெளியே மண் கல்லாய் உறைந்திருந்தது. கடையில் மூட்டை மண் வாங்கி, பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமாக்கி நிரப்பினோம். அவள் தோண்டத் தொடங்கியதும் இருவரும் தேநீரோடு தரையில் உட்கார்ந்தோம். தன் நாட்டில் இவை ஆற்றோர மரங்களில் இருக்கும், பயந்தால் தண்ணீருக்குள் குதிக்கும் என்றார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பில் இறைச்சி தொடாதவர்கள்கூட இதை மீனாக எண்ணிச் சமைப்பார்களாம். முட்டைக்கு அடிபிடியாம்.

“ஊரில் என்றால் இவள் இந்நேரம் சட்டியில்.”

போர்க்காலத்தில் வன்னியில் இடம்பெயர்ந்திருந்தபோது நான் உடும்புக் கறி சாப்பிட்டதைச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுகாலம்.

மூன்றாம் நாள் இருபத்தேழு முட்டைகள். தோல் போல மெத்தென்ற ஓடு. வற்றிய வயிற்றோடு அவள் குழியை மூடி, மேல்மண்ணை முன்கால்களால் அழுத்தி அழுத்தி இறுக்கினாள். ஒன்றும் பொரிக்காது என்று தெரிந்தும் ஒரு வாரம் அவற்றை எடுத்து எறிய எனக்குக் கை வரவில்லை.

மறுபடி போன் எடுத்தேன்.

“தம்பி, இது பொம்பிளை.”

“நிஜமாவா ஆன்ட்டி?” என்றான். “ஆன்ட்டி, இங்க பில்டிங்ல அனுமதிக்க மாட்டாங்க. நீங்களே வச்சுக்கிறீங்களா?”

“ஓம்,” என்றேன். அவன் இனி வரமாட்டான் என்பது எப்போதோ தெரிந்த விஷயம்தான். ஆனாலும் போனை வைத்தபின் அழுதேன். இகுவானாவுக்காக அல்ல.

சித்திரையில் பக்கத்து வீட்டுப் பெண் மகளோடு வசிக்க அஜக்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனார். வருவதாகச் சொன்னார். ஒருமுறை வந்தார்.

இகுவானாக்கள் இருபது வருடம்கூட வாழுமாம். எனக்கு அறுபத்தாறு. வெயில் அடிக்கும் நாட்களில் அவளைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். என் முன்கையில் நகம் பதிய ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள். சூடு ஏறும்வரை நான் அசையமாட்டேன்.