அம்மாவுக்குத் தம்பியாக இருந்த காலம்

எட்டு வயது வரைக்கும் காகிதத்தில் நான் என் அம்மாவுக்குத் தம்பியாக இருந்தேன். அது தாத்தா செய்த வேலை.

அம்மா ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை செய்தவள். தங்கச்சி பிறந்த எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். எனக்கு அப்போது நான்கு வயது. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் நாயுடுபேட்டையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷம் திரும்புவதற்குள் அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். நானும் தங்கச்சியும் அம்மாவைப் பெற்ற தாத்தா, ஆயா வீட்டிலேயே நின்றுவிட்டோம்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சார் தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறார். தாத்தா கொஞ்சமும் யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லிவிட்டார். ஆயா அதற்காக அவரை ஒரு வாரம் திட்டினாளாம்.

"நாளைக்கு இவன் எவன் மண்டையாவது ஒடச்சா, சார் யாரக் கூப்புடுவாரு? என்னத்தானே? அப்ப என் பேருதான் எழுதணும்" என்பது தாத்தாவின் நியாயம். நான் ஒருவன் மண்டையையும் உடைக்கவில்லை. யாராவது அதட்டினாலே பேச்சு வராத பையன் நான். ஆனாலும் பெயர் பெயர்தான். ரேஷன் கார்டிலும் அப்படியே ஏறிவிட்டது. நான் மகன், தங்கச்சி பேத்தி.

நான் மூன்றாவது படிக்கும்போது மில்லிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா பெயரில் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பென்ஷன் வர வழி இருக்கிறது என்றார். ஆனால் பிள்ளைகளுக்குக் கார்டியன் தாத்தாதான் என்று கோர்ட்டில் உத்தரவு வாங்க வேண்டும். தகப்பன் உயிரோடு இருப்பதால் அவரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் தாத்தா முழங்கால் வீங்கி, ஏர் பிடிப்பதை விட்டிருந்தார். ஆயா கூலிக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பென்ஷன் வந்தால் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். ஆனாலும் ஆயா வேண்டாம் என்றாள்.

"அவன் பாட்டுக்கு அங்க கீறான். நாமளே கூப்புட்டு, இந்தாப்பா உன் புள்ளைங்கன்னு காட்டணுமா? கூட்டிக்கினு போயிட்டான்னா?"

ஆனால் தாத்தா மறு வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். வக்கீல் என் பள்ளிக்கூடச் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"டேய், இதுங்கபடி நீ உங்கம்மாவுக்குத் தம்பிடா. உன் தங்கச்சிக்குத் தாய்மாமன். அவளுக்குக் காது குத்துனா உன் மடியிலதான் குந்த வைக்கணும்."

தங்கச்சி அப்போது என் மடியில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம். எனக்கு அந்தக் கவலைதான் வந்தது.

சிரித்து முடித்ததும் வக்கீல் தாத்தாவிடம் மெதுவாகப் பேசினார். இதை இப்படியே விட்டால் பையனைத் தகப்பன்கூட உரிமை கேட்க முடியாது. ஆனால் பெண்பிள்ளைக்கு மட்டும்தான் மனு போட முடியும், பொய் வெளியே வந்தால் அதுவும் போய்விடும். உண்மையைச் சொன்னால் தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் மேலும் உரிமை வந்துவிடும். எது வேண்டும் என்று கேட்டார். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தாத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கோர்ட்டுல கேட்டா உங்க நைனா பேரச் சொல்லு" என்றார். என்னை ஒரு வகுப்பு கீழே இறக்கிவிட்டது போல இருந்தது.

கோர்ட்டு நாளன்று நைனா எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. தங்கச்சிக்கு ஒரு கவுன் வாங்கி வந்திருந்தார். ஆயா அதை விரித்துப் பார்த்தாள். இரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் அது ஆகும். தங்கச்சிக்கோ ஐந்து ஆகப்போகிறது.

"பொம்மைக்குப் போடலாம்" என்றாள் ஆயா. நைனா தலையைச் சொறிந்துகொண்டார். தங்கச்சியை அவர் தூக்கக் கை நீட்டியபோது, ஆயா அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தெலுங்கில், நீ யாருடைய பையன் என்று கேட்டார். தாத்தா முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையும் கேட்டார்கள்.

"நேத்து வரைக்கும் தாத்தா பையன். இன்னிக்கு நைனா பையன்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டேன்.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜம்மாவும் பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். நைனா மட்டும் சிரிக்கவில்லை. பிறகு அவரைக் கேட்டார்கள், பிள்ளைகளை அழைத்துப் போக விருப்பமா என்று. ஆயாவின் கை தங்கச்சியின் முதுகில் இறுகியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"அங்கயே இருக்கட்டும்மா. அங்கதான் துன்றாங்க, அங்கதான் தூங்கறாங்க. நான் ரோட்டுல சுத்தறவன்" என்றார் நைனா. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் தாத்தா பொறுப்பில் என்று ஜட்ஜம்மா சொன்னதும், தாத்தா முழங்கால் வலியை மறந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார், வாசலில் பெயர் கூப்பிட்ட டவாலிக்கும் சேர்த்து.

பஸ் ஸ்டாண்டு வரை நைனாவும் கூடவே நடந்து வந்தார். நான்கு வருஷமாக அவரோடு பேசாத தாத்தா, அவருக்கும் சேர்த்து டீ சொன்னார். ஆயா தங்கச்சியைக் கீழே இறக்கிவிட்டாள். அவள் நைனாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெரிய சந்தோஷம். இனி நாங்கள் எங்கேயும் போக வேண்டாம், டீயோடு பன்னும் உண்டு.

நாயுடுபேட்டை என்று தெலுங்கில் போர்டு போட்ட பஸ் ஒன்று வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து, "நைனா, உன் பஸ்" என்றேன்.

"கூட்டமா கீதுடா" என்றார்.

இரண்டாவது பஸ் காலியாகத்தான் வந்தது. அதையும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் தங்கச்சிக்குப் பன்னைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பஸ்ஸின் படி அவருக்கு நேர் எதிரிலேயே வந்து நின்று, கிளம்பியும் போய்விட்டது. கடைசியில் எங்கள் புத்தூர் பஸ் வந்து நாங்கள் ஏறினோம். அவர் கையை ஆட்டாமல் அங்கேயே நின்றார்.

"பாவம் ஆயா, நைனாவுக்கு போர்டு படிக்கத் தெரியல" என்றேன்.

ஆயா தங்கச்சியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அடுத்த முறை அவர் வந்தால் என் பலகையிலேயே அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று, எதிலிருந்து தொடங்குவது என்றுகூட, நான் புத்தூர் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.