ஆக்டிங் பிசிக்கல் டைரக்டர்

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. போன வாரம் குடை ரிப்பேருக்குக் கிளம்பியவன், எதற்கென்று தெரியாமல் அதற்குள் நுழைந்துவிட்டேன். வலைப்பையில் ஒரு கூடைப்பந்து தொங்கியது. கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் ரப்பர் வாசனை. கடைக்காரர் என்னையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார், பேரனுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றால் சிரிப்பார். "சும்மா" என்று வைத்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குடையையும் எங்கோ விட்டுவிட்டேன்.

எங்கள் காலத்துப் பந்து தோல் பந்து. உள்ளே பிளாடர்; வெளியே பூட்ஸுக்குக் கட்டுவது போல வாரால் இழுத்துக் கட்டிய ஒரு வாய். மழையில் தண்ணீர் குடித்துப் பலாக்காய் கனம் கனக்கும். தோல் வெடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவுவோம். நனைந்த தோலும் எண்ணெயும் சேர்ந்த அந்த வாசனையோடு நான் கரமனை அக்ரஹாரத்துக்குள் திரும்பும்போதே அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். "தோலைத் தொட்டுட்டு அப்படியே உள்ளே வராதே, கேட்டியோ. போய் ஆத்தங்கரைல முங்கிட்டு வா." மழையானாலும் காய்ச்சலானாலும் தினமும் சாயங்காலம் கரமனையாற்றில் முங்கினேன். இந்தக் காலத்திலும் இப்படி அனுஷ்டானமா என்று தெருவில் எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை நம்பி ஒன்றிரண்டு ஜாதகங்கள்கூட வந்தன.

நான் ஒரு கல்லூரியில் பிசிக்கல் டைரக்டராக இருந்தேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போதும் யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுத்தவர்களில் பாஸ்கெட்பாலிலிருந்து வந்தவர் யார்? முதலில் இருந்தவர் மகாராஜாவின் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டம் தொடங்குமுன் பையன்களை வரிசையில் நிறுத்தி, நடையை, நிற்பை, மீசையைப் பார்வையிடுவாராம். பந்தை எறிவதைக்கூட ஆணை கேட்டுத்தான் எறிய வேண்டும். எதிரணி அதற்குள் கூடை போட்டுவிட்டுப் போய்விடும். பிற்பாடு அவர் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டிக்குக் காவலிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அங்கும் மூட்டைகள் வரிசை பிசகாமல் நின்றன.

அவருக்குப் பின் தலைச்சேரிக்காரர் ஒருவர். சர்க்கஸில் பார் ஆடியவர், விழுந்து தோள் இறங்கியதால் கல்லூரிக்கு வந்தார். பையன்கள் கூடை போடுவதைவிடக் குட்டிக்கரணம் போடுவதில் கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். ஒரு முறை ஊருக்குள் சர்க்கஸ் கூடாரம் அடித்தார்கள். பழைய சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். கூடாரத்தோடு போய்விட்டார்.

அப்புறம் வந்தவர்தான் ஞானமுத்து. மார்த்தாண்டத்துக்காரர். சென்னையில் முறையாக டிப்ளமா வாங்கியவர். அதற்கு முன்னால் மிஷன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாராம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "உக்காந்து உக்காந்து மடுத்துப் போச்சு வே. எழும்பிட்டேன்" என்பார். நிற்கும்போதும் அவர் ஒரு காலில்தான் நிற்பார், இன்னொன்று கிளம்பத் தயாராக இருக்கும்.

நான் அப்போது பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். அதுவும் ஆக்டிங். திருவிதாங்கூரில் அன்று பாதிப் பேர் ஆக்டிங்தான். ஒருவர் லீவில் போனால் அவர் இடத்தில் இன்னொருவர், அவர் திரும்பினால் இவர் இறங்கிக்கொள்ள வேண்டும். ஞானமுத்துவுக்குப் பயிற்சி ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. லேப் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஓய் சாமி, இவ்வளவு உசரத்தையும் வச்சிக்கிட்டு உள்ளே என்னத்த அளந்துக்கிட்டு இருக்கீரு? வாரும்." போனேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனால் சிநேகிதர்களாகிவிட்டோம்.

யுத்தம் வந்தது. சிப்பாய்களுக்குத் தேகப்பயிற்சி கொடுக்க ஆள் எடுத்தார்கள். ஞானமுத்து யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டார். வேலை அவருக்கென்றே இருக்கும், திரும்பி வரும்வரை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றது கல்லூரி. டிப்ளமா வாங்கியவர்களெல்லாம் பட்டாளத்துக்குப் போயிருந்த நேரம். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, கழுத்தை நிமிர்த்தி மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சாமிக்கு உயரமுண்டல்லோ. அது மதி" என்றார். உயரம் போதும், அவ்வளவுதான் இன்டர்வியூ.

ஆரம்பத்தில் விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் விசில் ஊதினேன். பையன்கள் தப்புச் செய்துவிட்டு, நான் பக்கம் புரட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். ரங்கூன் அரிசி நின்றுபோன காலம். மரச்சீனிக் கிழங்கைத் தின்றுவிட்டு வந்து ஓடுவார்கள், பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செம்மண்ணில் உட்கார்ந்துவிடுவார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கும் அதே கிழங்குதான். எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம், லேப் பலகையில் நான் கோடு போட்டுக் காட்டிய மாதிரியே பந்து ஐந்து கைகள் மாறி, ஒருவரும் வாய் திறக்காமல், கூடைக்குள் விழுந்தது. இனி செத்தாலும் இந்த வேலைதான் என்று தோன்றியது.

பிடித்தது சனியன். அந்த வேலை என்னுடையது இல்லையே.

அதிலிருந்து நிம்மதி போயிற்று. பேப்பரில் முதலில் யுத்தச் செய்தியைத்தான் தேடுவேன். நேச நாடுகள் ஜெயிக்க வேண்டும், ஆனால் மெதுவாக ஜெயிக்கட்டும் என்றிருக்கும். ஞானமுத்துவின் மனைவி எஸ்தர் ஊருக்குள்ளேயே பாளையத்தில் இருந்தார். சனிக்கிழமைகளில் போய் விசாரிப்பேன். "கடிதாசு ஒண்ணும் இல்ல சார். காலேஜுக்கு ஏதும் வந்துச்சா?" என்பார். இல்லை என்பேன். சொல்லும்போது மனசு ஒரு துள்ளுத் துள்ளும், அடுத்த கணமே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். அவர் பிழைத்து வர வேண்டும். வரவும் கூடாது. இரண்டையும் பழவங்காடிப் பிள்ளையாரிடமே வேண்டிக்கொண்டேன். பாவம், அவர்தான் என்ன செய்வார்.

வந்துவிட்டார். கை கால் முழுசாக, கறுத்து, மெலிந்து, ஒரு மத்தியானம் மைதானத்து ஓரத்தில் நின்றார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அது நிஜமான சந்தோஷம்தான், நம்புங்கள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். லேபில் என் இடத்துக்கு வேறொருவர் வந்திருந்தார்; எனக்கு ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீஸில், ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது. பெர்மனென்ட். அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சில வாரம் கழித்து ஞானமுத்து கச்சேரி வராந்தாவில் வந்து நின்றார். "சாயங்காலம் சும்மாதானே இருக்கீரு? வந்து விசில் ஊதும் வே."

"ஏன், நீங்க ஊத மாட்டேளா?"

"கையைத் தட்டித்தான் சமாளிக்கேன். அங்க குண்டு போட வந்தா விசில்தான் ஊதுவான். இப்பவும் அந்தச் சத்தம் கேட்டா ஓடிரணும்னு தோணுது. நானே ஊதினாலும் அப்படித்தான். உம்ம விசில்னா கண்ணால பாத்துக்கிட்டே கேக்கலாம்லா."

தினமும் கச்சேரி விட்டதும் மைதானத்துக்கு ஓடினேன். அவர் சொல்லிக்கொடுப்பார், நான் அவர் முகத்துக்கு நேரே நின்று, அவர் தலையசைத்த பிறகு ஊதுவேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சாயங்காலங்கள் கிடையாது. பிரின்சிபாலுக்குத் தெரியும்வரை நடந்தது. விசில் ஊத வெளியாள் எதற்கு என்று கேட்டிருக்கிறார். ஞானமுத்து காரணம் சொல்லவில்லை. ராஜினாமா கொடுத்துவிட்டு, என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டனுப்பி, இம்முறை மேலும் கீழும் பார்க்காமலே சொன்னார்: "பட்சே, சாமிக்கு டிப்ளமா இல்லல்லோ." யுத்தம் முடிந்துவிட்டால் உயரம் போதாது.

பொன்முடி எஸ்டேட் ஒன்றில் தேயிலைப் பெட்டி எடை போடும் வேலை கிடைத்தது ஞானமுத்துவுக்கு. மலையடிவாரத்துக் கல்லாறு வரை நானும் போனேன். எஸ்தர் மூட்டைகளோடு கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் ஆற்றங்கரைப் பாறையில் எஸ்டேட் லாரிக்குக் காத்திருந்தோம். அவர் திடீரென்று கேட்டார்:

"நான் திரும்பி வராம இருந்தா நல்லதுன்னு நினைச்சீரா வே?"

பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. "நினைச்சேன்" என்றேன்.

ஞானமுத்து என் முழங்காலில் தட்டினார். "போட்டும். நானும் அங்க கிடந்து அதைத்தான் நினைச்சேன்" என்றார். லாரி வந்துவிட்டது.

அந்த மைதானம் இப்போது இல்லை. செம்மண்ணின் மேல் மூன்று மாடிக் கட்டிடம் நிற்கிறது. எஸ்டேட்டிலும் ஞானமுத்து நிலைக்கவில்லை. அங்கிருந்து எங்கே போனார் என்று விசாரித்தால் ஒருவர் கொழும்பு என்றார், ஒருவர் கோலார் என்றார். நான் மட்டும் கச்சேரியில் ஒரே நாற்காலியில் தேய்ந்தேன். வாசலில் நிழல் விழுந்தால் அவராக இருக்குமோ என்று தலையைத் தூக்குவேன். கடைசியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்த அன்றும், வராந்தாவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.